காப்ளர் பக்குவமும் வீட்டுப் பட்டாவும்

நீடாமங்கலம்,
18-3-1973.

அன்புள்ள மகன் ரெத்தினத்துக்கு அப்பா வைரக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே நான் கைகால் விளங்க இருக்கிறேன், உன் அம்மா என்னைவிட நன்றாகவே இருக்கிறாள், நீ பம்பாயில் சுகமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, கஷ்டப்படுகிறவன் பலகாரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுத மாட்டான். இரண்டு சங்கதி கேட்டிருக்கிறாய். பண்ணை பங்களாவில் நான் செய்யும் வாழைப்பழக் காப்ளர் என்கிற வெள்ளைக்காரப் பலகாரத்தின் பக்குவம் ஒன்று, அதற்குத்தான் மூன்று பக்கம். நம் வீட்டு மனைக்குப் பட்டா வந்துவிட்டதா என்பது இன்னொன்று, அதற்கு ஒரே வரி, அதுவும் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறதே என்று எழுதிய மாதிரி. நானும் நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன், முதலில் பலகாரம், அப்புறம் வீடு.

ஓட்டலில் பெரிய சமையல்காரர் உன்னை நிரந்தரமாக்குவதற்கு யாரும் செய்யாத பலகாரம் ஒன்று செய்து காட்டச் சொல்லியிருக்கிறார் என்றும், சின்ன வயதில் உனக்கு நான் தட்டின் ஓரத்தில் ஒட்டிய பொருக்கைச் சுரண்டிக் கொண்டுவந்து கொடுப்பேனே அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அளவுதான் நினைவில் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். எப்படி இருக்கும், அடுப்புக்கிட்ட நில்லுடா என்றால் மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டியோடு நின்றவன் நீ. எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆற்று வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியரின் சம்சாரம், அந்த அம்மாள் தப்புக்கு ஒரு அடி என்று கரண்டிக் காம்பால் முட்டியில் போடுவாள், எனக்கு அதனால் மறக்கவில்லை, உன்னை நான் அடிக்காமல் விட்டது என் தப்பு. பழம் பூவனாக இருந்தால் உத்தமம். அங்கே பச்சை வாழைதான் கிடைக்கும் என்றால் தோல் கறுத்து, காம்பு கழன்று, கடைக்காரனே சும்மா எடுத்துப் போ என்று சொல்லும்வரை பொறு. மஞ்சளாக இருக்கும்போதே அவசரப்பட்டு நறுக்கினாயானால் வெந்தபிறகு கிழங்குத் துண்டு மாதிரி நிற்கும். ஆறு பழத்தை விரல் கனத்துக்கு வில்லை போட்டு, அரை ஆழாக்கு நாட்டுச் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு ஏலக்காய், துளி சுக்குப் பொடி சேர்த்துக் குலுக்கி வை, பிசையாதே. மைதா ஒரு ஆழாக்கு, சீனி முக்கால் ஆழாக்கு, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி தலைதட்டி, உப்பு ஒரு சிட்டிகை, பால் ஒரு ஆழாக்கு, கரைத்தால் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். தட்டில் பெரிய எலுமிச்சங்காய் இரண்டு அளவுக்கு வெண்ணெயைப் போட்டு அடுப்புக்குள் வைத்து, உருகிப் பொரியத் தொடங்கும்போது எடுத்து மாவை ஊற்று, அதன்மேல் பழத்தைச் சாறோடு பரப்பு, பரப்பியதும் கையைக் கட்டிக்கொள். கிளறக் கூடாது. கிளறினால் களி. விட்டுவிட்டால் பழம் தானாகக் கீழே இறங்கும், மாவு தானாக மேலே ஏறி நிறம் பிடிக்கும். உனக்கு மின்சார அடுப்பு இருக்கிறது, முக்கால் மணி நேரம் வைத்தால் ஆயிற்று. எனக்கு இருந்தது அடியில் ஆற்று மணல் பரப்பிய ஒரு அலுமினிய அண்டாவும் மூடிமேல் கொட்டிய கொட்டாங்கச்சித் தணலும், அதிலும் என் காப்ளர் ஒருநாள் அடிபிடித்ததில்லை.

முட்டை சேராது. பண்ணையாருக்கு இது வேண்டியிருந்ததே அதனால்தான், வருகிற அதிகாரி சைவமானாலும் அசைவமானாலும் தைரியமாக வைக்கலாம். அவர் தின்று பார்த்து மயங்கிப்போய் என்னை வைத்துக்கொண்டார் என்று நீ சின்ன வயதில் உன் சேக்காளிகளிடம் அளந்துகொண்டிருந்தாய், நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வில்லைகூட அவர் வாயில் வைத்ததில்லை. அவர் வீட்டுச் சமையல் உள்கட்டில் வேறு ஆள் கையால் நடக்கும். என் குசினி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வெளியூர் விருந்தாளிகளுக்கு மட்டும். தட்டைக் கொல்லைப் படியில் வைத்துவிட்டு நான் நான்கடி தள்ளிப் போனபிறகு உள்ளேயிருந்து ஆள் வந்து எடுத்துப் போவான். என் கை தொட்டதை விருந்தாளிக்குக் கொடுப்பார், தான் தொட மாட்டார். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பங்களா குக் என்று தெருவில் நடந்தேன், நடவிலிருந்து சேறும் சகதியுமாக வரும் உன் அம்மா எதிரே வந்தால் தெரியாதவன் மாதிரி பத்தடி முன்னால் போனேன்.

இனி உன் ஒரு வரிக்குப் பதில். பட்டா வரவில்லை, வரவும் வராது, வீடும் இல்லை. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிற விவசாயக் கூலிக்கு அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டது உனக்குத் தெரியும், கறுப்புச் சிவப்புக் கொடிக்காரர்களும் செங்கொடிக்காரர்களும் ஒரே சட்டத்துக்குத் தனித்தனியாக வெடி போட்டார்கள். போன ஆடியில் விவசாயச் சங்கத்துக் கண்ணுசாமி தெருவில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் மனு எழுதிக்கொண்டு வந்தார். நம் வாசலுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு, "ஒங்க வீட்டுக்குச் செவ்வந்தி பேர்ல போட்டுருவோங்க, அவங்கதான் முப்பது வருஷமா நடவு அறுப்புன்னு கூலிக்குப் போறாங்க, நீங்க பங்களாவுல சமைக்கிறீங்க, சட்டத்துல அது வராதுன்னு தள்ளிருவாங்க" என்றார். உன் அம்மாவும், ஆமாம் என் பேரிலேயே போடுங்கள் என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. பொம்பளை பேரில் மனையா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கத்தினேன், தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கண்ணுசாமி, இன்னும் ஒரு மாதம் கெடு இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். நான் யோசிக்கவில்லை, உனக்குக் கடிதம் எழுதினேன்.

நீ என்ன பதில் போட்டாய் என்று நினைவிருக்கிறதா, காப்ளர் அளவு மாதிரி அதுவும் மறந்துவிட்டதா? அப்பா பேரிலேயே இருக்கட்டும், அம்மா பேரில் போட்டால் ஊரில் சிரிப்பார்கள், நாளைக்கு எனக்குப் பெண் கொடுக்க வருகிறவன்கூட ஒரு மாதிரி நினைப்பான் என்று நாலு வரி எழுதினாய். அதை நான் அவளுக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதே, நான் இட்டுக்கட்டிப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் அந்தக் காகிதத்தை மடியில் சொருகிக் கண்ணுசாமியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் வாயிலும் அதே நாலு வரிதான் வந்தது. திரும்பி வந்து உலையை வைத்தாள். நான் படித்தது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவள் எத்தனை ஆசைப்பட்டு அந்த வெயிலில் நடந்து போயிருப்பாள் என்று எனக்கு இப்போது உறைக்கிறது. உனக்கும் உறைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். மனு என் பேரில் போயிற்று, தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி என்று எழுதச் சொன்னதும் நான்தான்.

கார்த்திகையில் பட்டா விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தாக்கல் வந்தது. வருகிறவர் தங்குவது பண்ணை பங்களாவில்தான், வேறு எங்கே தங்குவார். அந்த இரண்டு நாளும் தெருவிலிருந்து ஒருத்தரும் பண்ணை வேலைக்குப் போகக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. ஆனால் காலையில் பண்ணைக் காரியக்காரர் வந்து, "அந்த வாழப்பழப் பலகாரம் ஒன்னத் தவிர எவனுக்குய்யா வரும், அய்யா ஒன்னத்தான் நம்பியிருக்காங்க" என்று வாசலில் நின்று சொன்னார். அவர் நம் தெருவுக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை, நான் கரைந்துபோய்விட்டேன். உன் அம்மா குறுக்கே வந்து, "ரெண்டு நாளு வயித்து வலின்னு படுத்துக்க, போவாத, ஒன் காலுல வேணும்னாலும் விழுறேன்" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். நம் கொல்லையில் பழுத்திருந்த பூவன் சீப்பு ஒன்றையும் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன், கடைப் பழம் சரியாக இருக்காது என்று. இதைக் கேட்டுக்கொள், எவன் கேட்டான் அந்தப் பழத்தை?

அன்றைக்கு வந்த மாதிரி என் ஆயுசில் காப்ளர் வந்ததில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அதிகாரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம், சமைத்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினார். முற்றத்தில் படிக்குக் கீழே போய் நின்றேன். நீங்களும் சாப்பிடுங்கள் என்று அதிகாரி பண்ணையாரிடம் தட்டை நகர்த்த, அவர் எனக்கு இனிப்பு ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டார், அடுத்த நொடியே ஜிலேபியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்து, "நீதானாய்யா செஞ்சது? மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்லகூட இந்தக் கை கெடையாது" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பண்ணையார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நம்ம ஆளுதான், சமையலுக்குன்னே வச்சிருக்கோம், கொல்லைப்பக்கம் எடம் குடுத்துக் குடும்பத்தோட இருக்கான், என்னடா?" என்றார். அந்த என்னடாவுக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். நான் இடுப்பை வளைத்து, "ஆமாங்க, அய்யா குடுத்த எடந்தாங்க, இருவத்திரெண்டு வருசமா குசினிதாங்க என் பொழப்பு, வயக்காட்டுப் பக்கமே போனதில்லீங்க" என்றேன். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, என் கை சேற்றில் பட்ட கை இல்லை என்று பெருமைக்காக நானே சேர்த்துக்கொண்டது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் விசாரணை. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள், இரண்டு கேள்வி, கைநாட்டு, முடிந்தது. என் முறை வந்ததும் அதிகாரி காகிதத்தைப் பார்த்து, வைரக்கண்ணு, தொழில் விவசாயக் கூலி என்று படித்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபம்கூட இல்லை, சிநேகமாகச் சிரித்தார். "என்னய்யா, வயக்காட்டுப் பக்கமே போனதில்லன்னு நேத்துச் சொன்ன?" என்றார். காரியக்காரர் சிரித்தார், அவர் சிரித்ததும் பண்ணை ஆட்கள் சிரித்தார்கள், நம் தெருக்காரர்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், அவர்கள் பேரை எழுதினால் நீ வந்து சண்டைக்கு நிற்பாய், உனக்கு அந்த யோக்கியதை இல்லை. கண்ணுசாமி முன்னால் வந்து, இவர் சம்சாரம்தான் கூலி வேலைக்குப் போகிறவர், இதோ நிற்கிறார் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார். மனு யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் அதிகாரி கேட்டார். உன் அம்மா இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்துக் காட்டினாள், அந்த விரலையும் நகத்தையும் பார்த்தால் குருடனுக்குக்கூடத் தெரியும். அவர் பார்க்காமல் இல்லை, பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அவள் புதிதாக மனுப் போடக் கெடு தாண்டிவிட்டது. நாற்பத்தொரு வீட்டுக்குப் பட்டா, நமக்கு இல்லை.

தை பிறந்து அறுப்பு முடிந்ததும் பண்ணை ஆட்கள் ஆறு பேர் வந்து கூரையைப் பிரித்தார்கள். நான் பங்களாவுக்கு ஓடினேன், இருபத்திரண்டு வருஷச் சோறு அல்லவா. மனுக் கொடுத்தவன் கையால் என் விருந்தாளி சாப்பிட வேண்டாம் என்று பண்ணையார் உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினார், குசினிச் சாவியைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் உன் அம்மா ஆட்டுக்கல்லைத் தானே உருட்டித் தெருவில் வைத்திருந்தாள், கடப்பாரையால் வாழைக்கன்று மூன்றைப் பெயர்த்து வேரோடு சாக்கில் கட்டியிருந்தாள், குலை தள்ளி முற்றியிருந்த மரத்தை வெட்டிக் குலையை என் தோளில் ஏற்றிவிட்டு, "நீ சமையக்காரனாச்சே, இத வச்சுப் பொழச்சுக்க" என்றாள். வீடு போனதற்கு அவள் என்னைத் திட்டியது அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இப்போது அவள் பெரிய வாய்க்கால் கரையில் கீற்றுப் போட்டுக்கொண்டு இருக்கிறாள், சர்க்கார் புறம்போக்கு, கண்ணுசாமியும் தெருப் பெண்களும் ஒரே நாளில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மனைக்கு அவள் பேரிலேயே மனுக் கொடுத்திருக்கிறாள். நான் அங்கே இல்லை. புருஷன் பேர் என்று எழுதினால் மறுபடி சமையல்காரன் கதை கிளம்பும், அதனால் ஆதரவு யாரும் இல்லை என்று எழுதுங்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள், நான் அங்கே படுத்து எழுந்தால் காரியக்காரர் மறுநாளே போய்ச் சொல்லிவிடுவார். நான் நீடாமங்கலத்தில் ரஹ்மத் பீவி அம்மாவின் ரொட்டிக்கடையில் பன் போடுகிறேன், மாவு மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை. அந்த அம்மாள் கணக்காகப் பேசுகிறவள், வேலை கேட்டுப் போன அன்றைக்கே, நீ பேசாமல் வேலை செய்தால் இருக்கலாம் என்றாள், என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் குலையைக் கடையில் தொங்கவிட்டிருந்தேன். மாசி கடைசியில் தோல் கறுத்துக் காம்பு கழன்று நான் சொன்ன பதத்துக்கு வந்தது. ரொட்டி அடுப்பு ஆறுவதற்குள் ஒரு காப்ளர் வைத்தேன். முப்பது வருஷத்தில் உன் அம்மாவுக்கு நான் இதைக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, சுரண்டிய பொருக்கைக்கூட உனக்குத்தான் கொண்டுவந்தேன், அவள் கேட்டதும் இல்லை, எனக்குத் தோன்றியதும் இல்லை. தட்டைத் துணியில் கட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்து வாய்க்கால் கரைக்குப் போனேன், வெயிலில், யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து. அவள் நாற்று முடிச்சுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. தட்டை வாங்கினாள், விரலால் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள், நிதானமாக மென்று விழுங்கினாள். நான் வெட்கம் கெட்டவன், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு, வீட்டையே போட்டுச் செஞ்சதாச்சே" என்றாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துக் கையில் கொடுத்து, ஆள் நடமாட்டம் வரும், போ என்றாள். மீதியை என்ன செய்தாள் என்று கேட்கிறாயா, கரையில் மேய்ந்த வாத்துகளுக்குப் போட்டாள், நான் பார்க்கப் பார்க்கப் போட்டாள்.

உன் கடிதம் வந்ததையும் நீ கேட்டதையும் போன வாரம் சந்தையில் அவளைப் பார்த்தபோது சொன்னேன், உனக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்றும் கேட்டேன். "கேட்டத எழுதி அனுப்பு, அதுக்குத்தான அவன் எழுதியிருக்கான்" என்றாள். அனுப்பிவிட்டேன். உனக்கு வேலை நிரந்தரமாகட்டும், நோய்நொடி இல்லாமல் இரு, மழைக் காலத்தில் காலில் ஈரத்தோடு அடுப்பு முன்னால் நிற்காதே. பெரிய சமையல்காரர் தின்றுவிட்டு உன்னைப் புகழ்ந்து ஏதாவது கேட்டால், அளவை மட்டும் சொல், ஊரைச் சொல்லாதே, வீட்டைச் சொல்லாதே, சேர்த்து ஒரு வார்த்தை சொல்லாதே. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை, நீ என் பிள்ளைதான், அதுவே பாதிக் கோபம்.

ஒன்று முக்கியம். அம்மாவுக்கு எழுதும்போது எப்போதும் போல வைரக்கண்ணு சம்சாரம் செவ்வந்தி என்று கவரில் எழுதிவிடாதே. அந்தக் கவர் ஒன்று வேண்டாதவன் கையில் கிடைத்தால் போதும், இந்த மனையையும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியே கெடுத்தவர்கள் ஆவோம். செவ்வந்தி, பெரிய வாய்க்கால் கரை என்று மட்டும் எழுது, தபால்காரருக்குத் தெரியும். உப்பு ஒரு சிட்டிகை, மறந்துவிடாதே.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா,
வைரக்கண்ணு,
தொழில்: சமையல்.